நாணத்திலிருந்து இசைவுக்கு: இளையோர் காதலுறவில் இணையவழித் துன்புறுத்தலும் மலேசிய, சிங்கப்பூர்ச் சட்டங்களின் வரலாறும்

முன்னுரை

தமிழ் அகப்பொருள் இலக்கணம் காதலுறவைக் களவு, கற்பு என இரண்டாக வகுத்துக் காண்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் களவியலுக்கும் கற்பியலுக்கும் தனித்தனி இயல்கள் அமைந்துள்ளன. திருமணத்திற்கு முந்தைய உறவு ஊரறிய நிகழாதது. ஆயினும் அது பேசத்தகாத பொருளாகக் கருதப்படவில்லை. அவ்வுறவுக்கு நேரக்கூடிய இடர்களும் இலக்கணத்துள் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று ஊரார் பேச்சு. அது முகிழ்க்கும் நிலையில் அம்பல் எனவும், பரவிய நிலையில் அலர் எனவும் பெயர் பெற்றது.

இன்றைய இளையோரின் காதலும் பெரும்பாலும் களவு நிலையிலேயே தொடங்குகிறது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அகப்பாடல்களில் அலர் காதலருக்குப் புறத்தேயிருந்து வருவது. இன்றோ காதலித்தவரே அலரை எழுப்பவும், எழுப்பிவிடுவதாக மிரட்டவும் கைத்தொலைபேசி வழிசெய்துள்ளது. கடவுச்சொல்லைக் கேட்டு வற்புறுத்துதல், இருப்பிடத்தை ஓயாது கண்காணித்தல், பிரிந்த பின்னரும் இடைவிடாது செய்தி அனுப்புதல், போலிக் கணக்குத் தொடங்கி இழிவுபடுத்துதல், தொலைபேசி எண்ணைப் பொதுவில் வெளியிடுதல், அந்தரங்கப் படங்களைப் பரப்புதல் அல்லது பரப்புவதாக அச்சுறுத்துதல் ஆகிய அனைத்தையும் இக்கட்டுரையில் 'இணையவழித் துன்புறுத்தல்' என்னும் சொல்லால் குறிக்கிறோம்.

இத்துன்புறுத்தலைச் சட்டம் எவ்வாறு அடையாளங்கண்டது என்பதை மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளின் வரலாற்றின்வழி ஆராய்வதே நம் நோக்கம். சட்டம் முதலில் பெண்ணின் நாணத்தைக் காத்தது. பின்னர்த் திருமண உறவைக் காத்தது. அண்மைக் காலத்தில்தான் ஒருவரது இசைவை மையமாகக் கொள்ளத் தொடங்கியுள்ளது. ஆனால் நம் இல்லங்களும் வகுப்பறைகளும் இன்னும் நாணம் என்னும் முதற்கட்டத்திலேயே நின்றுவிட்டன. சட்டம் நெடுந்தொலைவு நடந்துவந்த பின்னரும் அது இளையோரைச் சென்றடையாமைக்கு இவ்விடைவெளியே முதன்மைக் காரணம் என்பது நம் கருத்தாகும்.

ஆய்வு வசதிக்காக ஒரு கற்பனைச் சூழலை வகுத்துக்கொள்வோம். 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் தம் காதலரிடமிருந்து பிரிகிறார். உறவு நீடித்த காலத்தில் அவ்விளைஞர் மாணவியின் கடவுச்சொற்களைக் கேட்டுப் பெற்றிருந்தார். பிரிந்த பின்னர்ப் புதிய புதிய எண்களிலிருந்து நாள்தோறும் செய்தி அனுப்புகிறார். மீண்டும் சேராவிட்டால், மாணவி நம்பிக்கையின்பேரில் அனுப்பிய படத்தை அவருடைய தந்தைக்கும் உறவினருக்கும் அனுப்பிவிடுவதாக மிரட்டுகிறார். இச்சூழலைச் சட்ட வரலாற்றின் ஒவ்வொரு கட்டத்திலும் வைத்துப் பார்ப்போம்.

காலனித்துவச் சட்டமும் நாணமும்

இரு நாடுகளின் தண்டனைச் சட்டங்களுக்கும் வேர் ஒன்றே. 1860ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 1862ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம் 1871ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதனால் சென்னையிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஒரே பிரிவு எண்கள் ஒரே குற்றங்களைச் சுட்டின. அவற்றுள் நம் பொருளுக்கு நெருக்கமானது 509ஆம் பிரிவு. ஒரு பெண்ணின் நாணத்தை இழிவுபடுத்தும் நோக்கத்துடன் சொல் மொழிதல், சைகை காட்டுதல், பொருளைக் காட்டுதல், அவரது தனிமையில் ஊடுருவுதல் ஆகியன அப்பிரிவின்படி குற்றமாயின.

இப்பிரிவின் சொல்லமைப்பு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. பாதிக்கப்படக்கூடியவராகக் கருதப்பட்டவர் பெண் மட்டுமே. காக்கப்படும் பொருள் அவருடைய விருப்பமோ உரிமையோ அன்று, அவருடைய நாணம். நாணத்தை அளவுகோலாகக் கொள்ளும்போது, வழக்கு இயல்பாகவே பெண்ணின் நடத்தை பற்றிய விசாரணையாகத் திரும்பும் வாய்ப்பு உண்டு. அவர் ஏன் அங்குச் சென்றார், ஏன் அந்தப் படத்தை எடுத்தார் போன்ற வினாக்கள் குற்றம் புரிந்தவரை விடுத்துக் குற்றத்திற்கு ஆளானவரைச் சூழ்கின்றன. நம் மாணவி எடுத்துக்காட்டில், தாமே அனுப்பிய படம் என்பதால் தமக்கு நாணம் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்னும் அச்சமே அவரை வாய்மூடச் செய்யப் போதுமானது.

சிங்கப்பூர் 2019ஆம் ஆண்டுக் குற்றவியல் சீர்திருத்தத்தின்போது 509ஆம் பிரிவை நீக்கி, ஆண் பெண் இருபாலாருக்கும் பொருந்தும் புதிய பிரிவை அமைத்தது. இந்தியாவில் 2024 ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவாக அது தொடர்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நாணம் என்னும் கருத்தாக்கம் சட்டமொழியிலிருந்து முற்றாக விடைபெறவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

திருமணத்தைச் சுற்றி எழுந்த பாதுகாப்பு

அடுத்த கட்டம் 1980களில் தொடங்குகிறது. மலேசியாவில் பெண்கள் உதவி அமைப்பு 1982ஆம் ஆண்டு வன்முறைக்கு ஆளான பெண்களுக்குப் புகலிடம் அமைத்தது. 1985ஆம் ஆண்டு பெண்களுக்கு எதிரான வன்முறையை எதிர்க்கும் கூட்டு நடவடிக்கைக் குழு உருவாயிற்று. இவ்வமைப்புகளின் நெடிய பரப்புரைக்குப் பின்னர் 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறியது. 1996 ஜூன் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரில் நியமன நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் கன்வல்ஜித் சோயின் 1995ஆம் ஆண்டு குடும்ப வன்முறை மசோதாவைக் கொணர்ந்தார். அது நிறைவேறவில்லை. எனினும் 1961ஆம் ஆண்டு மாதர் சாசனத்தில் 1996ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்வழி குடும்ப வன்முறைக்கு எதிரான பாதுகாப்பு விதிகள் விரிவாக்கப்பட்டன.

இவை பெரும் சாதனைகள் என்பதில் ஐயமில்லை. நான்கு சுவர்களுக்குள் நடப்பது குடும்பத்தின் சொந்த விவகாரம் என்னும் நெடுங்கால எண்ணத்தை இச்சட்டங்கள் உடைத்தன. ஆயினும் இரண்டுமே குடும்பம் என்னும் எல்லைக்குள் நின்றன. கணவன், மனைவி, முன்னாள் துணைவர், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரே அவ்வெல்லைக்குள் அடங்குவர். மலேசியச் சட்டம், சமய அல்லது வழக்காற்று முறையில் திருமணச் சடங்கு செய்து பதிவு செய்யாதவரையும் துணைவராக ஏற்கிறது. கோயிலில் தாலி கட்டிக்கொண்டு பதிவு செய்யாத இணையர் பலர் இதனால் பயன்பெறுவர். ஆனால் தாலி கட்டப்படாத உறவு அச்சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அகப்பொருள் இலக்கணத்தின் மொழியில் கூறுவதாயின், சட்டம் கற்பியலை எழுதியது, களவியலை எழுதவில்லை.

காதலுறவிலும் வன்முறை உண்டு என்பது அக்காலத்தில் அறியப்படாத செய்தியன்று. அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் மேக்பீஸ் 1981ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், தாம் ஆராய்ந்த கல்லூரி மாணவருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் காதலுறவில் வன்முறையை நேரடியாக அனுபவித்திருந்ததைக் காட்டினார். நம் அண்டை நாடாகிய பிலிப்பீன்ஸ் 2004ஆம் ஆண்டு இயற்றிய பெண்கள், சிறுவர்களுக்கு எதிரான வன்முறைச் சட்டத்தில், மனைவியுடன் காதலுறவில் இருக்கும் அல்லது இருந்த பெண்ணையும் வெளிப்படையாகவே சேர்த்துக்கொண்டது. தென்கிழக்காசியச் சூழலில் இது இயலாத ஒன்றன்று என்பதை இம்முன்மாதிரி உணர்த்துகிறது.

மலேசியக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வகையில் ஒரு முரணை வெளிப்படுத்துகிறது. பாதிக்கப்பட்டவரிடமோ அவரைப் பற்றி மூன்றாமவரிடமோ, அவரது நாணத்தை இழிவுபடுத்தும் நோக்கில் மின்னியல் வழியாகவோ பிறவழியாகவோ தொடர்பு கொள்வதும் குடும்ப வன்முறையே என்று அத்திருத்தம் அறிவித்தது. இணையவழித் துன்புறுத்தலைச் சட்டம் அடையாளங்கண்டுவிட்டது. ஆனால் அதனைக் குடும்ப உறவுகளுக்குள் மட்டும் கண்டது. இணையத்தில் மிகுதியாகக் காதலிப்போர் இளையோர். அவர்களோ அவ்வரையறைக்கு வெளியே நின்றனர்.

இணையத்தின் வருகையும் ஆபாசம் என்னும் அளவுகோலும்

1990களின் முற்பகுதியில் மலேசியாவில் ஜாரிங், 1994ஆம் ஆண்டு சிங்கப்பூரில் சிங்நெட் ஆகியன பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டன. குறுஞ்செய்தி, உரையாடல் அறை, ஃப்ரெண்ட்ஸ்டர், முகநூல், புலனம் என அழைக்கப்பெறும் வாட்ஸ்அப், டெலிகிராம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஊடகங்கள் காதலின் மொழியையும் வேகத்தையும் மாற்றின. முற்காலத்தில் ஒரு காதற்கடிதம் பிறர் கையில் சிக்கினால் அதனைப் படித்தவர் சிலரே. ஒரு படம் டெலிகிராம் குழுவில் இடப்பட்டால் நிலைமை வேறு. 2019ஆம் ஆண்டு சிங்கப்பூரில் காவல்துறை நடவடிக்கைக்கு உள்ளான அத்தகைய குழு ஒன்றில் 40,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தனர்.

இப்புதிய சூழலுக்கு மலேசியாவின் முதல் மறுமொழி 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டமாகும். 1999 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் 233ஆம் பிரிவு, பிறரைத் தொல்லைப்படுத்தும் நோக்கில் ஆபாசமான, அநாகரிகமான, அச்சுறுத்தும் உள்ளடக்கத்தை அனுப்புவதைக் குற்றமாக்கியது. தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு ஆபாசப் பொருள்களைப் பரப்புவதைத் தடுக்கிறது. படத்தைப் பரப்பும் முன்னாள் காதலர்மீது வழக்குத் தொடுக்க இப்பிரிவுகள் பயன்பட்டன.

ஆயினும் ஆபாசத்தை அளவுகோலாகக் கொள்வதில் ஒரு பெருங்குறை உண்டு. அது படத்தை மட்டுமே பார்க்கிறது. அப்படம் யாருடைய இசைவுடன், யாருக்காக எடுக்கப்பட்டது, யாருடைய இசைவின்றிப் பரவியது என்பதைப் பார்ப்பதில்லை. 292ஆம் பிரிவின் சொல்லமைப்பு, பரப்பியவரோடு உருவாக்கியவரையும் வைத்திருந்தவரையும் குறிக்கக்கூடியது. எனவே நம் மாணவி காவல் நிலையத்தின் வாசலில் நின்று, 'நானும் குற்றவாளியோ?' என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் நிலை உருவாகிறது. துன்புறுத்துபவர் இந்த அச்சத்தை நன்கு அறிவார். 'நீ புகார் செய்தால் நீயும் மாட்டிக்கொள்வாய்' என்பது அவர் கைக்கொள்ளும் மிக எளிய ஆயுதம்.

உறவிலிருந்து செயலுக்கு

2014ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு மார்ச் மாதம் சிங்கப்பூர் நாடாளுமன்றம் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நவம்பர் 15ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் பாதிக்கப்பட்டவரிடம், 'அவர் உனக்கு என்ன உறவு?' என்று கேட்கவில்லை. 'அவர் உனக்கு என்ன செய்தார்?' என்று கேட்டது. பின்தொடர்தல் குற்றமாயிற்று; நேரில் பின்தொடர்வதோடு மின்னியல் வழியில் ஓயாது தொடர்புகொள்வதும் அதனுள் அடங்கியது. பாதிக்கப்பட்டவர் தாமே நீதிமன்றத்தை அணுகிப் பாதுகாப்பு ஆணை பெறவும் வழி பிறந்தது. நம் மாணவிக்குச் சட்டத்தின் கதவு முதன்முறையாகத் திறந்தது எனலாம்.

இவ்வகைச் சட்டங்கள் பல, பெருந்துயரங்களின் பின்னரே பிறந்துள்ளன என்பதும் குறிப்பிடத்தக்கது. ஜப்பானில் 1999ஆம் ஆண்டு ஒகெகாவாவில் கல்லூரி மாணவி ஒருவர் கொலையுண்டதை அடுத்து, 2000ஆம் ஆண்டு பின்தொடர்தல் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2013ஆம் ஆண்டு மித்தாக்காவில் பள்ளி மாணவி ஒருவரை முன்னாள் காதலர் கொன்று, அந்தரங்கப் படங்களையும் இணையத்தில் பரப்பிய நிகழ்வைத் தொடர்ந்து, 2014ஆம் ஆண்டு அத்தகைய படங்களுக்கு எதிரான தனிச்சட்டம் வந்தது.

சிங்கப்பூர்ச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் நம் ஆய்வுக்கு மிக இன்றியமையாதது. தனிநபர் விவரங்களை வெளியிட்டுத் துன்புறுத்துவதை அது குற்றமாக்கியது. அதனை விளக்கச் சட்ட வாசகத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு தரப்பட்டுள்ளது. முன்னர்க் காதலுறவில் இருந்த இருவருள் ஒருவர், மற்றவரின் நடத்தையை இழித்துச் சமூக ஊடகத்தில் எழுதி, பின்னர் அவருடைய படத்தையும் தொலைபேசி எண்ணையும் வெளியிடுகிறார் என்பதே அவ்வெடுத்துக்காட்டு. 1990களின் குடும்பச் சட்டங்களில் இடம்பெறாத காதலர் இங்கே சட்டநூலின் பக்கத்திலேயே தோன்றுகிறார். நெருக்கமான உறவில் உள்ளவருக்கு எதிரான குற்றங்களுக்குக் கூடுதல் தண்டனை விதிக்கவும் அதே திருத்தம் இடமளித்தது. நெருக்கத்தைத் தீர்மானிக்க நீதிமன்றம் பல கூறுகளை ஆராயலாம். அவற்றுள் ஒன்று, இருவரும் நண்பர், உறவினர் முன்னிலையில் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பது. இக்கூறு கட்டாயமன்று. எனினும் வீட்டாருக்கு மறைத்துக் காதலிக்கும் இளையோர் காட்டுதற்கு அரிய சான்று அதுவே என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். உறவை மறைக்கும் தேவை, உறவு முறிந்த பின்னரும் அவர்களைத் தொடர்கிறது.

2020 ஜனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சீர்திருத்தம், அந்தரங்கப் படத்தை இசைவின்றிப் பரப்புவதையும் பரப்புவதாக மிரட்டுவதையும் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமாக்கியது. இதற்கு 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். மாற்றியமைக்கப்பட்ட படங்களும் இதனுள் அடங்கும். செயற்கை நுண்ணறிவின் துணையால் முகத்தை ஒட்டி உருவாக்கப்படும் போலிப் படங்கள் பெருகியுள்ள இக்காலத்தில் இவ்வரையறையின் தேவை வெளிப்படை. இங்கு அளவுகோல் முற்றாக மாறிவிட்டது. கேட்கப்படும் வினா படம் ஆபாசமா, பெண் நாணமுடையவரா என்பதன்று. இசைவு இருந்ததா என்பதே. படத்தை எடுக்க அளித்த இசைவு, அதனைப் பரப்ப அளித்த இசைவாகாது.

மலேசியாவின் பயணம் சற்றுத் தாமதமானது. 2023 மே 31ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் 507A பிரிவு, மீண்டும் மீண்டும் பின்தொடர்ந்து அச்சமோ துயரமோ விளைவிப்பதை 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. எவ்வழியிலேனும் தொடர்புகொள்ள முயல்வதும் இதில் அடங்கும். உறவு எதுவாயினும் இப்பிரிவு பொருந்தும். 2024 ஜூலையில் சமூக ஊடகத்தில் அறியப்பட்ட மலேசிய இந்தியப் பெண் ஒருவர், இணையப் பகடிவதையை அடுத்து உயிரை மாய்த்துக்கொண்டார். அது காதலுறவு சார்ந்த நிகழ்வன்று. ஆயினும் நம் சமூகத்தை உலுக்கியது. அவ்வழக்கில் ஒருவருக்குச் சிறு குற்றங்கள் சட்டத்தின்படி 100 ரிங்கிட் மட்டுமே அபராதம் விதிக்கப்பட்டது. பழைய சட்டங்கள் புதிய கொடுமைக்கு எவ்வளவு சிறியவை என்பதை அத்தொகை ஒன்றே உணர்த்தியது. அதன் பின்னர் இயற்றப்பட்ட, பகடிவதைக்கும் தனிநபர் விவரங்களை வெளியிடுவதற்கும் எதிரான புதிய பிரிவுகள் 2025 ஜூலை 11ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன.

தண்டித்தலிலிருந்து தடுத்தலுக்கு

தண்டனை எவ்வளவு கடுமையாயினும், அது படம் பரவிய பின்னர் வருவது. பாதிக்கப்பட்டவர் முதலில் வேண்டுவது படம் மறைய வேண்டும் என்பதே. இத்தேவையை முதலில் உணர்ந்த நாடுகளுள் ஆஸ்திரேலியா ஒன்று. 2015ஆம் ஆண்டு சிறுவர்களுக்கென அமைக்கப்பட்ட இணையப் பாதுகாப்பு ஆணையர் பதவி, 2017ஆம் ஆண்டு அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. அந்தரங்கப் படங்களை நீக்கக் கோரும் முறையீட்டு வழியும் அவ்வாண்டே தொடங்கிற்று. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 நவம்பரில் நிறைவேற்றிய இணையப் பாதுகாப்பு தொடர்பான நிவாரண, பொறுப்புடைமைச் சட்டமும் இத்தகைய ஆணையம் ஒன்றுக்கு வழிவகுத்தது. மலேசியாவின் 2025ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்து, தளங்களை நடத்துவோர்மீது கடமைகளைச் சுமத்தியது. எனினும் அதில் முன்னுரிமைத் தீங்குகளாக வகுக்கப்பட்டவை சிறுவர் பாலியல் உள்ளடக்கமும் நிதி மோசடியுமே. 17 வயது மாணவியின் படம் முன்னுரிமை பெறும். 19 வயது மாணவியின் படம் ஏனைய தீங்குகளின் வரிசையில் நிற்கும்.

தொழில்நுட்பமும் ஓரளவு துணைநிற்கிறது. 2021 டிசம்பரில் பிரிட்டனில் தொடங்கப்பட்ட 'ஸ்டாப் என்சிஐஐ', 18 வயது நிறைந்தோருக்கானது. 2023ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'டேக் இட் டவுன்', 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட படங்களுக்கானது. இவற்றில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. பயனரின் கருவியிலேயே படத்திலிருந்து எண்வடிவக் கைரேகை ஒன்று உருவாக்கப்படுகிறது. அக்கைரேகை மட்டுமே பங்கேற்கும் தளங்களுக்குச் செல்கிறது. அதனோடு ஒத்த படம் ஏற்றப்பட்டால் தளம் அதனைக் கண்டறியக்கூடும். மிரட்டல் வந்த அன்றே, படம் பரவுமுன்னரே இதனைச் செய்யலாம். நம் மாணவர்களுள் எத்தனை பேருக்கு இச்செய்தி தெரியும் என்னும் வினாவை நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது.

மிரட்டலுக்கு முந்தைய கட்டத்திலும் தடுப்புக்கு இடமுண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வாஞ்சி ஃபோஷீ குழுவினர் 1990களில் 14 பள்ளிகளில் நடத்திய 'சேஃப் டேட்ஸ்' திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வகுப்புப் பாடங்களோடு மாணவர் நடிக்கும் நாடகமும் சுவரொட்டிப் போட்டியும் அதில் இடம்பெற்றன. நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரும் திட்டத்தில் பங்கேற்றோரிடம் காதலுறவு வன்முறை குறைந்திருந்ததை 2004ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. கடவுச்சொல் கேட்பது அன்பின் அடையாளமன்று என்பதைப் பதினான்கு வயதில் கற்றவர், பத்தொன்பதில் அதனை எளிதில் இனங்காண்பார்.

பெயர் சுட்டாமையும் தமிழாசிரியர் பணியும்

அகத்திணை மரபில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படுவதில்லை. பெயர் சுட்டப்படின் அப்பாடல் புறமாகிவிடும். இதனை இலக்கிய விதியாக மட்டுமே நாம் கற்பித்து வருகிறோம். இருவரின் அந்தரங்கம் பேசப்படலாம், ஆனால் அவர்கள் யார் என்பது வெளிப்படலாகாது என்னும் பண்பாட்டு நெறியும் அதனுள் பொதிந்திருப்பதாக நாம் கருதுகிறோம்.

இந்நெறி மீறப்பட்டதன் விளைவைத் தமிழ்நாடு 2019ஆம் ஆண்டு கண்டது. நட்பின் பெயரால் இளம்பெண்களை வரவழைத்து, காணொளி எடுத்து மிரட்டிய பொள்ளாச்சி வழக்கு அவ்வாண்டு பிப்ரவரியில் வெளிவந்தது. புகார் அளிக்க முன்வந்த பெண்ணின் அடையாளம் காவல்துறையாலும் அரசாணையாலும் வெளிப்படுத்தப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனைக் கண்டித்து இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2025 மே 13ஆம் நாள் கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத்தண்டனை விதித்தது. ஆறாண்டுக்குப் பின் நீதி கிடைத்தது. ஆனால் முதலில் முன்வந்தவரின் பெயர் வெளியானதைக் கண்டு புகார் செய்யாது விலகியோர் இருந்திருப்பின், அவர்கள் எந்தத் தீர்ப்பிலும் இடம்பெறார்.

நம் மாணவியின் மிரட்டலில் எது உண்மையான ஆயுதம் என்று இப்போது காண்போம். படம் வெறும் கருவியே. அப்படத்தைக் கண்ட தந்தை என்ன செய்வார், உறவினர் என்ன சொல்வர் என்பதே ஆயுதம். அதாவது, துன்புறுத்துபவர் நம்மை நம்பியே மிரட்டுகிறார். குடும்பமும் பள்ளியும் பாதிக்கப்பட்டவரையே தண்டிக்கும் என்னும் உறுதி அவருக்கு இருக்கும்வரை எந்தச் சட்டமும் அம்மிரட்டலின் கூர்மையை மழுக்காது. அந்த உறுதியை உடைப்பதே தடுப்பின் முதற்படி.

இவ்வகையில் ஆசிரியரின் முதல் மறுமொழி பெரும் பங்காற்றுகிறது. 'ஏன் அனுப்பினாய்?' என்பது முதல் வினாவாக இருத்தலாகாது. 'இப்போது நீ பாதுகாப்பாக இருக்கிறாயா?' என்பதே முதல் வினா. கைத்தொலைபேசியைப் பறிப்பது, பாதிக்கப்பட்டவரைத் தண்டிப்பதோடு சான்றையும் இழக்கச் செய்யும். மிரட்டல் செய்திகள், கணக்கின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றை அழிக்காது பதிந்து வைக்கச் சொல்லவேண்டும். அந்தரங்கப் படத்தை ஆசிரியர் கேட்டுப் பார்ப்பதோ தம் கருவிக்குப் பெறுவதோ கூடாது. மாணவர் 18 வயதுக்குட்பட்டவராயின், மலேசியாவின் 2017ஆம் ஆண்டு சிறுவர் பாலியல் குற்றங்கள் சட்டத்தின்படி அத்தகைய குற்றத்தை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காதிருப்பதே குற்றமாகும். ஆகவே, யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்களிப்பதும் தகாது. யாரிடம், எதற்காகச் சொல்ல வேண்டியுள்ளது என்பதை மாணவரிடம் முன்னரே விளக்குவதே நேர்மையான வழி.

பாடவேளையிலும் இதற்கு இடமுண்டு. களவையும் அலரையும் பற்றிப் பேசாமல் அகப்பாடல்களை முழுமையாகக் கற்பிக்க இயலாது. திருமணத்திற்கு முந்தைய காதலைப் பற்றி வகுப்பறையில் இயல்பாகப் பேசும் வாய்ப்பு தமிழாசிரியருக்குக் கிடைத்துள்ளது. அலர் தூற்றுவோரில் நாம் ஒருவராக இருக்கிறோமா, நமக்கு வந்த படத்தை மேலும் ஒருவருக்கு அனுப்புகிறோமா என்னும் வினாவை அங்கேயே எழுப்பலாம். தலைவிக்குத் தோழி இருந்தாள். அவள் தலைவியைப் பழிக்கவில்லை, வழி தேடினாள். நண்பருக்கு இடர் வரும்போது தோழியாக இருப்பது எவ்வாறு என்பதை விளக்க இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு நமக்குக் கிட்டுவது அரிது.

முடிவுரை

1871ஆம் ஆண்டின் சட்டம் நாணத்தைக் காத்தது. 1990களின் சட்டங்கள் குடும்பத்தைக் காத்தன. 2014ஆம் ஆண்டு தொடங்கிச் சிங்கப்பூரிலும், 2023ஆம் ஆண்டு தொடங்கி மலேசியாவிலும் சட்டம் செயலை நோக்கித் திரும்பியது. சிங்கப்பூர் இசைவைத் தெளிவான அளவுகோலாக ஏற்றது. மலேசியாவில் அந்தரங்கப் படங்களை ஆபாசம் என்னும் கண்ணோட்டத்திலிருந்து விடுவித்து, இசைவின் அடிப்படையில் தனிப்பிரிவு அமைப்பதும், குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பைக் காதலுறவுக்கும் விரிப்பதும் இவ்வரலாறு சுட்டும் அடுத்த படிகள் ஆகும்.

எனினும் சட்டத் திருத்தத்திற்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் கற்பனை மாணவி இன்று மாலை தம் ஆசிரியரின் அறை வாசலில் வந்து நிற்கக்கூடும். அவர் உள்ளே வந்து பேசுவதும், பேசாது திரும்பிச் செல்வதும் அவ்வாசிரியர் இதற்கு முன் வகுப்பில் காதலைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் என்ன கூறியிருந்தார் என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது.